உதுமாலெப்பையின் மூடி வீடு

கல்முனைக்குடிக் கடற்கரை வீதியில் மீன் விற்கிற இடத்தைத் தாண்டி நடந்தால் ஒரு வீடு நிற்கிறது. வீடு என்று சொல்ல வாய் கூசுகிறது. யாரோ பெரிய கண்ணாடிச் சட்டியொன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு எடுக்க மறந்து போனதைப் போலிருக்கும். ஓடு இல்லை, ஜன்னல் இல்லை. வாசல் ஒன்று, அதற்குக் கதவு இரண்டு. கடல் காற்று காசில்லாமல் அடிக்கிற இடத்தில், காற்று நுழையக் கூடாது என்று செலவழித்து வீடு கட்டிய ஒரே மனிதன் உதுமாலெப்பை. ஊர் அவனை மூடி உதுமான் என்று கூப்பிடும்.

அவனுடைய வாப்பா மாட்டுவண்டிக்காரர், நல்ல உழைப்பாளி. அந்த இரத்தம் மகனுக்கு ஓடவில்லை. கரைவலை இழுக்கப் போனான். கயிறு கையை அறுக்கிறது என்று விட்டான். அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனான். தவிடு மூக்கில் ஏறுகிறது என்று விட்டான். மருதமுனையில் நெசவுச் சாறன் எடுத்து ஊர் ஊராக விற்கப் போனான். வெயில் என்று விட்டான். அதே கயிற்றை இழுத்து, அதே மூட்டையைத் தூக்கி, பள்ளிக்கூடத்து வாங்கில் சரியாகக் குந்தாமலே இன்று சொந்த ஆலை வைத்திருக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பேர் சொல்லத் தேவையில்லை. ஊருக்குத் தெரியும்.

மற்றவர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போன காலத்தில் உதுமான் மூடிக்குப் போனான்.

மூடி இந்தப் பூமியில் இல்லை. வேறொரு கோளில் கம்பனிக்காரர்கள் கட்டி வைத்திருக்கிற நகரம் அது. கம்பனி வைத்த பேர் நீளமானது, நம் ஆட்களின் நாக்கில் நிற்காது. சாய்ந்தமருதில் ஒரு ஏஜென்சிக்காரன் முதன்முதலில் ஆள் பிடித்தபோது ‘மூடி போட்ட ஊர்’ என்று சொன்னான், அதுவே பேராகிவிட்டது. ஒரு முழு நகரத்தையும் இரும்பாலும் கண்ணாடியாலும் கவிழ்த்து மூடியிருக்கிறார்கள். உள்ளே உலைகள், கல்லை உருக்கி உலோகம் எடுக்கிற ஆலைகள், கம்பனி ஆட்களுக்கு மாடி, கூலிகளுக்கு அடுக்குக் கட்டில். வெளியே ஆகாயம் மஞ்சள். மழை பெய்தால் இரும்பு அரிக்கும். வெளிக்காற்றை ஒரு மூச்சு இழுத்தால் மவுத்துத்தான்.

தொடக்கத்திலேயே அப்படியா என்றால், இல்லையாம். முதலில் போனவர்கள் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வெளியே நடமாடியிருக்கிறார்கள். பிறகு ஆலை வைத்தார்கள். புகையை வெளியே விட்டார்கள், கழிவை வெளியே கொட்டினார்கள். கடைசியில் அந்தப் புகைக்கே பயந்து தங்கள் தலையில் தாங்களே மூடியைக் கவிழ்த்துக்கொண்டார்கள். சொந்த வீட்டு வளவுக்குள் அசிங்கம் பண்ணிவிட்டு நாற்றம் பொறுக்காமல் கதவைச் சாத்துகிறவனை நம் ஊரில் என்ன சொல்வோம்? அங்கே அவனுக்கு எஞ்சினியர் என்று பேர்.

அந்த ஊரில் மனிதனை அளப்பது அவன் இழுக்கிற மூச்சை வைத்துத்தான். நடுவில் இருக்கிற பெரியவர்களுக்கு மெஷின் புதுக் காற்றை விடும், அதில் வாசனையும் கலந்திருக்கும். அவர்கள் இழுத்து விட்டது அடுத்த வளையத்துக்கு வரும். அந்த வளையம் இழுத்து விட்டது ஓரத்துக் கூலிகளுக்கு. ஒருவன் சாப்பிட்ட மிச்சத்தை இன்னொருவன் சாப்பிடுவதையாவது பசி என்று சொல்லலாம். ஒருவன் விட்ட மூச்சை வரிசையில் நின்று வாங்குவதற்கு என்ன பேர் சொல்வது?

உதுமானுக்குக் கிடைத்தது கதவு வேலை. வெளியே போய்க் குழாய் திருத்திவிட்டு வருகிறவன் முதல் கதவால் நுழைந்ததும் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டு கதவுக்கும் நடுவில் அவனை நிற்க வைத்து, மேலிருந்து மருந்துத் தண்ணீர் அடித்து, கூட வந்த அழுக்குக் காற்றை உறிஞ்சிய பிறகுதான் இரண்டாம் கதவு திறக்கும். அதற்கான பொத்தானை அமுக்குவது உதுமான். மாடு கழுவுகிறவன்கூட மாட்டோடு இரண்டு வார்த்தை பேசுவான். இவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கதிரையில் சாய்ந்திருந்து விரலை மட்டும் அசைத்தான். பிறந்ததிலிருந்து தேடிய வேலை கிடைத்துவிட்டது.

காரைதீவு இளையதம்பி அங்கே வெளிக்குழாய் வேலையில் இருந்தான். ஒவ்வொரு முறையும் நனைந்து சொட்டச் சொட்ட உள்ளே வந்து உதுமானைச் சீண்டுவான்.

“என்ன உதுமான், மூக்க மட்டுமெண்டாலும் ஒருக்கா வெளிய நீட்டிப் பாரன். ஊருக்குப் போனா ஆம்பிளயெண்டு சொல்லலாம்.”

“வெளிக்காத்து கூலியாளுக்கு, இளையதம்பி. நாங்க உள்ளாக்கள்.”

“உள்ளாக்களோ? நீ கதவுக்கு அங்கால நிக்கிறாய், நான் கதவுக்கு இஞ்சால நிக்கிறன். ரெண்டு பேரும் குடிக்கிறது பெரியவன் விட்ட மூச்சத்தான்.”

இளையதம்பி சம்பாதித்துக்கொண்டு வந்து இன்று காரைதீவில் வயல் செய்கிறான். மூடியைப் பற்றி அவனிடம் கேட்டால் காறித் துப்பிவிட்டு வரம்பைப் பார்க்கப் போய்விடுவான். உதுமானோ மூடியை மூளைக்குள் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தவன் கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கும்போது மூக்கையும் வாயையும் சேர்த்து முகமூடி. கருவாட்டு வாடையில் பிறந்து வளர்ந்த மூக்கு அது. பார்க்க வந்த சொந்தக்காரர்களைக் காலும் கையும் கழுவச் சொல்லி, வாசலில் நிற்க வைத்து, உடுப்பை உதறச் சொன்னான். மூத்த மச்சான் ஒருவர், “நாங்க பாக்க வந்தது உன்னயா, டொக்டரையா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விசயம். சிரிக்க முடியாமல் போனது, மகள் நுஸ்ஹாவுக்கு வீடு கட்டத் தொடங்கியபோதுதான்.

இந்தக் கரையில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்கு வந்து குடியிருப்பான். பெற்றவர்கள் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின் வளவில் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒருவன் வாழ்ந்து என்னத்தைக் கிழித்தான் என்பதை ஊர் அந்த வீட்டைப் பார்த்துத்தான் சொல்லும். உதுமானுக்கு ஒரே மகள், ஒரே வீடு. மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியேறிவிட்டால் கயிறு விட்டதும் மூட்டை விட்டதும் மறந்து போகும், அவனையும் ஓர் ஆள் என்று ஊர் சொல்லும். குடியேறாவிட்டால் அவன் பொத்தான் அமுக்கியவன்தான், மவுத்தாகிற வரைக்கும். இதை அவன் நன்றாக அறிந்திருந்தான். அறிந்திருந்தும் போய்க் கண்ணாடியை வாங்கினான்.

வேலைக்கு வந்தவர் பாண்டிருப்பு மேசன் கேதீஸ்வரன். அத்திவாரம் வட்டமாக வெட்டச் சொன்னபோதே தலையைச் சொறிந்தார்.

“முதலாளி, ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கிற?”

“ஜன்னல் வெச்சா காத்து வரும் கேதீஸ்.”

“காத்து வரத்தானே முதலாளி ஜன்னல்.”

“அது ஊராக்கள்ட கதை. நான் காத்தக் கழுவி உள்ளுக்கு எடுக்கப் போறன். மெஷின் வருது.”

கேதீஸ்வரன் போய்ச் சீமெந்து குழைத்தார். குழைக்கும்போது கூட நின்றவர்களிடம், “மனிசனுக்கு வீடு கட்டுறமோ, அச்சாறு போடப் போத்தல் செய்யிறமோ தெரியாது, கூலி சரியா வருகுது” என்றாராம்.

மனைவி சபூறா அவனைப் போல அல்ல. அவன் மூடிக்குள் கிடந்த காலமெல்லாம் இடியப்பம் அவித்து விற்று மகளை வளர்த்தவள். கண்ணாடி ஏறத் தொடங்கியதும் வந்து கேட்டாள்.

“இதுக்குள்ள மீன் பொரிச்சா மணம் எங்கால போற?”

“இதுக்குள்ள மீன் பொரிக்கப்படா.”

“அப்ப வாற மருமகனுக்கு என்னத்தக் குடுக்கிற? கண்ணாடியத் தொடச்சிக் குடுக்கவா? அவன் ஒலுவில்ல போட் வெச்சிரிக்கிற புள்ள. மீன் இல்லாமச் சோறு எறங்குமா அவனுக்கு?”

“பழகுவான். நானும் பழகினதுதானே.”

“உங்களயும் ஒரு உதாரணமெண்டு சொல்றீங்களே, அல்லாஹ்வே” என்றாள் சபூறா. போய்ப் பின் வளவில் கிடுகு வேய்ந்து சமைக்கத் தனக்கொரு குசினி போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளை முபாறக் நிந்தவூர்ப் பிள்ளை. ஒலுவில் துறைமுகத்தில் சொந்தமாக ஒரு என்ஜின் போட் வைத்திருந்தான். நுஸ்ஹாவுக்கும் சம்மதம். அவனுடைய தாய் சபியா உம்மா சும்மா ஆளில்லை. பெண்ணைப் பார்த்தது ஒரு தரம், பெண்ணின் வீட்டைப் பற்றி விசாரித்தது ஊர் முழுக்க. எத்தனை அறை, தரைக்கு மாபிளா டைல்ஸா, கிணறா குழாயா என்று கேட்காத ஆளில்லை. எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை பகல் தங்கை றஹீமாவையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தாள். கையில் ஒரு சீப்பு கதலிப்பழமும் ஒரு பெட்டி தொதல் இனிப்பும்.

உதுமான் உள்ளே இருந்தான். இரண்டாம் கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, சுவரில் பதித்த பொத்தானுக்கு முன்னால், அன்றைக்கென்று தைத்த வெள்ளைச் சேட்டோடு. அவனுக்குப் பின்னால் நுஸ்ஹா. இரண்டு பெண்களும் முதல் கதவால் நுழைந்தார்கள். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது.

“இஞ்ச என்னகா, ஒரு அறைக்குள்ள வந்து நிக்கிறம்? அங்கால வழியக் காணல்ல” என்றாள் றஹீமா.

உதுமான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கையைக் காட்டினான், பொறுங்க என்று. பிறகு பொத்தானை அமுக்கினான்.

மேலிருந்து தண்ணீர் விசிறியது. அத்தர் கலந்த தண்ணீர். சம்பந்தி என்பதால் விசேசமாகக் கலக்கியிருந்தான். சபியா உம்மாவின் பட்டுச் சாரியும் முக்காடும் உடம்போடு ஒட்டிக்கொண்டன. தொதல் பெட்டிக்குள் தண்ணீர் நிறைந்தது.

“யா அல்லாஹ்! மழையா இது? வீட்டுக்குள்ளயா?”

“ராத்தா, நம்மளக் கழுவுறாங்க ராத்தா!”

“கழுவி அடக்குறதுக்கு நாம என்ன மையத்தா?”

உள்ளே உதுமானுக்கு இது எதுவும் கேட்கவில்லை. சத்தமும் நுழையாத கண்ணாடி. வாய் அசைவதைப் பார்த்து, அதிசயப்படுகிறார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டினான். அழுக்குக் காற்றை உறிஞ்சுகிற மெஷின் உறுமத் தொடங்கியது. இன்னும் கொஞ்சத்தில் இரண்டாம் கதவு திறக்கும், சம்பந்தி கண்ணை விரித்துக்கொண்டு உள்ளே வருவாள்.

கரண்ட் போனது.

கரண்ட் போகாத ஊரிலிருந்து வந்த மெஷின் அது. கரண்ட் போனால் கதவை என்ன செய்வது என்று அதற்கும் தெரியாது, அதைப் பொருத்தியவனுக்கும் தெரியாது. இரண்டு கதவும் இறுகிக்கொண்டன. ஜெனரேட்டர் வாங்கித்தான் இருந்தான். ஆனால் அதன் புகை உள்ளே வரக்கூடாது என்று வெளியே, வேலியோரத்தில் வைத்திருந்தான். ஜெனரேட்டர் வெளியே, அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே, நடுவில் நனைந்த இரண்டு பெண்கள், மேலே உச்சி வெயில். இப்படியொரு பொறியை எலிக்குக்கூட யாரும் வைத்ததில்லை.

கண்ணாடிக்குள் ஆவி கட்டியது. றஹீமா முதல் கதவில் இரண்டு கையாலும் அடித்தாள். அதைக் கண்டு வீதியில் போனவர்கள் நின்றார்கள். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஐஸ்கிறீம் வண்டிக்காரன் பாட்டை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். நிந்தவூர்ச் சம்பந்திமார் கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூட, கல்முனைக்குடி வெளியே நின்று வேடிக்கை பார்த்தது.

“வாப்பா, கண்ணாடிய உடைங்க!” என்றாள் நுஸ்ஹா.

“உடைக்கப்படா மகள். அடைப்ப உடைக்கிறதப் போல குத்தம் வேற இல்ல.”

“ஆரு சொன்ன?”

“மூடியில சட்டம்.”

“இது மூடியா வாப்பா? இது கல்முனைக்குடி! வெளிய நிக்கிறவனெல்லாம் மூச்சு விட்டுக்கிட்டுத்தானே நிக்கான்!”

அது அவனுடைய காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை. மகள் ஓடிப்போய்க் கதிரையைத் தூக்கினாள். அவன் கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் சம்பந்திக்கு மூச்சு முட்டுகிறது. இந்தப் பக்கம் இவன் கண்ணாடிக்குக் காவல். கம்பனிக்காரன் வேறு உலகத்தில் இருக்கிறான், சம்பளமும் நின்றுபோனது, இருந்தும் அவனுக்காக இவன் நிற்கிறான். அடிமைத்தனத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பின் வளவிலிருந்து சபூறா வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், கண்ணாடிக்குள் சம்பந்தியைப் பார்த்தாள். திரும்பிப் போய் உலக்கையோடு வந்தாள். “ராத்தா, அங்கால ஒதுங்கி நில்லுங்க!” என்று கையைக் காட்டிவிட்டு ஓங்கினாள். உள்ளே நின்ற உதுமான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினான். அவன் வாங்கிய கண்ணாடி நல்ல கண்ணாடி, வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. மூன்றாம் இடியில் முதல் கதவு பொலபொலவென்று கொட்டியது.

சபியா உம்மா வெளியே வந்து, கடல் காற்றை நெஞ்சு நிறைய இழுத்தாள். யாரையும் ஏசவில்லை. தொதல் பெட்டியில் இருந்த தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, பெட்டியைச் சபூறாவின் கையில் கொடுத்தாள். “பொறகு சொல்லி அனுப்புறம்” என்றாள். ஓட்டோவில் ஏறிப் போய்விட்டாள். இரண்டாம் கதவுக்கு உள்ளே நின்ற வாப்பாவும் மகளும் கரண்ட் வந்த பிறகுதான் வெளியே வந்தார்கள்.

சொல்லி அனுப்பியது அடுத்த கிழமை வந்தது. முபாறக்கின் பெரியப்பா வந்து முற்றத்தில் நின்றபடியே சொன்னார், உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். “எங்களுக்குப் புள்ள போதும். வீடு வேணா. சீதனமா வீடு எடுக்கிறது மார்க்கத்தில இல்ல. மாப்பிளை தன்ட காசில மஹர் குடுத்துக் கலியாணம் முடிச்சி, நிந்தவூருக்குக் கூட்டிக்கிட்டுப் போவார்.”

போன கிழமை வரைக்கும் மாபிளா டைல்ஸா என்று கேட்டவர்களுக்கு, ஒரு குளிப்பில் மார்க்கம் வந்துவிட்டது. பெண் பிள்ளை இல்லாத வீடு சபியா உம்மாவுடையது, கொடுக்க வேண்டிய ஆளில்லாமல் கிடக்கிறது, அதனால் சொல்வது சுலபம். அவர்களையும் பெரிய ஆட்கள் என்று சொல்ல வரவில்லை.

வேறு ஊரில் பெண் பெற்றவன் இதைக் கேட்டிருந்தால் சந்தோசத்தில் சுஜூதில் விழுந்து தொழுதிருப்பான். இங்கே, கட்டிய வீட்டை மாப்பிள்ளை வேண்டாம் என்றால் பெற்றவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? உதுமான் யாரிடமும் சொல்லாமல் விசயத்தை மூடி வைத்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் அது திறந்தது. மிம்பர் மேடையில் ஏறிய மௌலவி, நிந்தவூர்க்காரர் சொல்லிக் கேட்டிருப்பார், அன்றைக்குச் சீதனத்தைப் பற்றிப் பேசினார். “கண்ணாடியால் மாளிகை கட்டிக் கொடுத்தும் வேண்டாம் என்று சொன்ன ஓர் இளைஞரை அல்லாஹ் நமக்கு மத்தியில் காட்டியிருக்கிறான்” என்றார். பள்ளிக்குள் இருந்த தலையெல்லாம் ஒன்றாகத் திரும்பின. நல்லதென்று நினைத்துத்தான் அவர் சொன்னார். மௌலவி ஏசியிருந்தால்கூட உதுமான் எழுந்து சண்டை பிடித்திருப்பான். புகழும்போது என்ன செய்வது? தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டான்.

அப்போதுதான் மனிதனுக்குப் புத்தி வந்தது. முகமூடியில்லாமல் ஒலுவிலுக்கு பஸ் ஏறினான். துறைமுகத்தில் மீன் இறங்குகிற நேரம். முபாறக் போட்டிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான்.

“மருமகன், ஜன்னல் வெக்கிறன். எத்தின வேணும் சொல்லுங்க. அந்த ரெண்டு கதவையும் கழட்டி எறியிறன். ஓடு போடச் சொன்னாலும் போடுறன். வந்து குடியிருந்தாச் சரி.”

முபாறக் கையைச் சாறனில் துடைத்தான். மரியாதையான பிள்ளை, சிரிக்கவில்லை.

“இனி ஏலா மாமா. மிம்பர்ல சொல்லிட்டாங்க. இப்ப நான் வந்து குந்தினா, வேணா எண்டவன் வாசலத் தேடி வந்துட்டான் எண்டு ஒலுவில்லிருந்து மருதமுன வரைக்கும் சிரிப்பாங்க. ஜன்னல் வெச்சாலும் ஏலா, வெக்காட்டியும் ஏலா.”

“அப்ப அந்த வீட்ட நான் என்னத்தச் செய்யிற?”

முபாறக் இறக்கிய பெட்டிகளைப் பார்த்தான். ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. 

“காத்து போகாமத்தானே மாமா கட்டியிரிக்கி?”

“உடைஞ்சதுக்குப் புதுக் கதவும் போட்டாச்சி, ஒரு பொட்டு போகாது!”

“அப்ப உள்ளுக்கு ஒரு குளிர் மெஷின் வெச்சா ஐஸும் கெதியாக் கரையாது. மீன் வெக்கத் தருவீங்களா? சும்மா இல்ல, வாடகை தாறன். வாடகையெண்டா ஆரும் ஒண்டும் சொல்ல ஏலா.”

உதுமான் கடலைப் பார்த்தான், மீனைப் பார்த்தான். மருமகன் அந்த வாசலை மிதிப்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே வழி அது. ஓம் என்றான்.

நிக்காஹ் நிந்தவூரில் நடந்தது. நுஸ்ஹா அங்கே ஜன்னல் உள்ள வீட்டில் நன்றாக இருக்கிறாள். உதுமானும் சபூறாவும் பின் வளவுக் கிடுகுக் குசினியோடு சேர்த்து ஓர் அறை இறக்கிக்கொண்டு இருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டிக்குள் பாரை, சூரை, கீரி மீன்கள் எல்லாம் அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன.

மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறாரா என்று தெரியாதவர்கள் யாராவது கேட்டால் உதுமான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். “ஓம், ஒவ்வொரு நாளும் வாறார்” என்பான். எதற்கு வருகிறார் என்று அவன் சொல்வதில்லை. கேட்கிறவனுக்கும் மூக்கு இருக்கிறதே.